ஜான் ஜேக்கப் ஆஸ்டர்

ஜான் ஜேக்கப் ஆஸ்டர் (ஜூலை 17, 1763 – மார்ச் 29, 1848) செருமனியில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிப் பெருஞ்செல்வரான வணிகர் ஆவார். விலங்குகளின் மென்மயிர்த் தோல்களை வாங்கித் தரம் பிரித்து, ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் விற்பதே இவரது முதன்மைத் தொழிலாக இருந்தது. இவர் 1808 இல் நிறுவிய அமெரிக்க மென்மயிர் நிறுவனம், அந்நாட்டின் மென்மயிர் வணிகத்தில் பெரும்பகுதியைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. இறக்கும்போது ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பெரிய செல்வந்தராக இருந்தார். இவரது சொத்தின் மதிப்பு ஏறத்தாழ 20 மில்லியன் டாலர் எனக் கணிக்கப்பட்டது.

ஆஸ்டர் பொதுவாக நியூயார்க் நகரின் நிலவுடைமையாளராகவே நினைவுகூரப்படுகிறார். எனினும் அந்நிலங்களை வாங்கிய பணம் தோலிலிருந்து வந்தது. தோலைப் புரட்டிப் பார்த்து அதன் தரத்தையும், அது எந்த ஊரில் நல்ல விலைக்குப் போகும் என்பதையும் சொல்லும் அறிவை இவர் கூலியாளாக இருந்தபோதே பெற்றார்.

இளமைக்காலம்

ஆஸ்டர், ஹைடெல்பெர்க் நகருக்கு அருகிலுள்ள வால்டோர்ஃப் என்னும் ஊரில் பிறந்தார். இயற்பெயர் யோகான் யாக்கோப் ஆஸ்டர். தந்தை இறைச்சிக் கடை வைத்திருந்தார். குடும்பம் வறுமையில் இருந்தது. மூத்த சகோதரர்கள் ஒவ்வொருவராக ஊரை விட்டு வெளியேறினர். அவர்களுள் ஜார்ஜ் என்பவர் இலண்டனில் இசைக்கருவிகள் செய்யும் தொழிலில் இருந்தார். ஹென்றி என்பவர் நியூயார்க்கில் இறைச்சி வணிகம் செய்தார்.

1779 இல் ஆஸ்டர் இலண்டன் சென்று ஜார்ஜிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கு ஆங்கிலம் கற்றார். பெயரையும் ஆங்கில முறைக்கு மாற்றிக்கொண்டார். 1783 இல் பாரிசு உடன்படிக்கையால் அமெரிக்க விடுதலைப் போர் முடிவுற்றது. அவ்வாண்டு நவம்பரில், விற்பதற்கென்று சில புல்லாங்குழல்களுடன் இவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கப்பல் செசாப்பீக் விரிகுடாவில் பனிக்கட்டியில் சிக்கி வாரக்கணக்கில் நின்றது. அப்பயணத்தில் சந்தித்த ஒரு தோல் வணிகரிடமிருந்து மென்மயிர்த் தோல்களை எங்கே வாங்கலாம், எப்படிப் பாதுகாக்கலாம், எங்கே விற்கலாம் என்பவற்றைக் கேட்டறிந்தார். 1784 மார்ச்சில் பால்ட்டிமோர் நகரில் கரையிறங்கி, அங்கிருந்து நியூயார்க் சென்றார்.

தோல் அடிக்கும் வேலை

நியூயார்க்கில் இவர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த இராபர்ட் பவுன் என்னும் தோல் வணிகரிடம் வேலைக்கு அமர்ந்தார். கிடங்கிலுள்ள தோல்களைக் கோலால் அடிப்பதே இவருக்கு முதலில் தரப்பட்ட வேலை.

இவ்வேலை எளியதாகத் தோன்றினாலும் வணிகத்தின் இலாபமே இதைச் சார்ந்திருந்தது. காட்டிலிருந்து வரும் தோல்கள் பதனிடப்படாதவை; வெறுமனே சுரண்டி உலர்த்தப்பட்டவை. உலர்ந்த தோலில் அந்துப்பூச்சியும் தோல் வண்டும் முட்டையிடும். புழுக்கள் வெளிவந்தால் மயிரை அடியோடு அரித்துவிடும். வெப்ப மாதங்களில் கவனிக்காமல் விட்ட ஒரு கட்டுத் தோல், இலையுதிர் காலத்துக்குள் விலைபோகாத குப்பையாகிவிடும். ஆகவே கட்டுகளைத் திரும்பத் திரும்ப அவிழ்த்து, ஒவ்வொரு தோலையும் கோலால் அடித்துத் தூசியையும் முட்டைகளையும் உதிர்த்து, காற்றாட வைத்து, மீண்டும் கட்ட வேண்டும். அடிக்கும்போது படிந்து கிடக்கும் மயிரும் நிமிரும். ஈரம் பட்டிருந்தால் மயிர் வேரோடு கழன்று கையில் வரும். அத்தோலை உடனே பிரித்தெடுக்க வேண்டும்.

இவ்வாறு ஆயிரக்கணக்கான தோல்கள் கைவழியே சென்றதனால் தரம் பிரித்தலும் இவருக்குப் பழக்கமாயிற்று. கடுங்குளிர் மாதங்களில் பிடித்த விலங்கின் அடிமயிர் செறிவாக இருக்கும். தோலின் உட்புறம் வெளிறிய நிறத்தில் இருக்கும். கோடையில் பிடித்ததன் மயிர் மெலிந்தும் உட்புறம் கருத்தும் காணப்படும். இவையிரண்டுக்கும் இடையே விலையில் பெரும் வேறுபாடு உண்டு.

கத்தி பட்ட கீறலும் துளையும் எல்லாத் தோல்களுக்கும் ஒரே அளவு குறையல்ல. தொப்பிக்குப் போகும் பீவர் தோலில் மயிர் மட்டுமே வேண்டப்பட்டது. தொப்பி செய்வோர் மயிரைச் சிரைத்தெடுத்து, பாதரச நைத்திரேட்டுக் கரைசலால் பக்குவப்படுத்தி, வெந்நீரிலும் ஆவியிலும் அழுத்தி ஃபெல்ட் எனப்படும் கெட்டித் துணியாக்கினர். பீவரின் அடிமயிர் இழைகளில் உள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் இத்துணி உறுதியாக இருந்தது. அங்கே தோலில் துளை இருந்தாலும் பெரிய நட்டமில்லை. மாறாக, மேலங்கிக்கோ கழுத்துப்பட்டைக்கோ போகும் நீர்நாய், மிங்க், மார்ட்டென் தோல்களில் ஒரு கீறலும் விலையைக் குறைக்கும். அவற்றைச் செப்பனிடுவோர் உட்புறத்தை நனைத்து இளக்கி, மயிரை மறுபுறம் தள்ளிவிட்டு, கீறலின் இரு விளிம்பையும் நெருக்கமான தையலால் இணைப்பர். துளை பெரிதாயின் நிறமும், மயிர் சாயும் திசையும் ஒத்த துண்டொன்றை வெட்டி ஒட்டுப்போடுவர். பின்னர் பலகையில் இழுத்து ஆணியடித்து உலர்த்துவர். எந்தக் குறை எங்கே பொறுக்கப்படும் என்பதை அறிந்தவர், பிறர் தள்ளிவிட்ட தோலையும் மலிவாக வாங்கி உரிய இடத்தில் விற்க முடியும். ஆஸ்டரின் தொடக்ககால இலாபத்தில் இவ்வறிவுக்குப் பெரும் பங்குண்டு.

மணமும் முதற்கடையும்

1785 இல் ஆஸ்டர், சாரா டாட் என்பவரை மணந்தார். சாராவின் தாய் குவீன் தெருவில் தங்கும் விடுதி நடத்திவந்தார். அவ்வீட்டின் முன்பகுதியில் தம்பதியர் கடை திறந்தனர். இலண்டனிலிருந்து ஜார்ஜ் அனுப்பிய இசைக்கருவிகள் ஒருபுறமும் தோல்கள் மறுபுறமும் விற்கப்பட்டன. ஆஸ்டர் நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதிகளுக்கு நடந்தும் படகிலும் சென்று முதற்குடிகளிடமும் குடியேறிகளிடமும் தோல் வாங்கிவந்தார். அவர் இல்லாத மாதங்களில் கடையை நடத்தியதும், வந்த தோல்களை அடித்துத் துப்புரவாக்கித் தரம் பிரித்ததும் சாரா ஆவார். தோலின் தரத்தை அறிவதில் கணவரை விடச் சாராவே வல்லவர் என்று ஆஸ்டரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். சீனாவுக்குச் செல்லும் சரக்கைத் தெரிவு செய்வதிலும் அவரது கருத்துக் கேட்கப்பட்டது. ஆயினும் நிறுவனத்தின் பெயர்களில் எங்கும் அவர் பெயர் இல்லை.

அக்காலத்தில் வட அமெரிக்கத் தோல் வணிகத்தின் தலைமையிடம் மான்ட்ரியால். ஆஸ்டர் ஆண்டுதோறும் அங்கு சென்று கொள்முதல் செய்தார். பிரித்தானியச் சட்டப்படி கனடாவின் தோல்களை ஐக்கிய அமெரிக்காவுக்கு நேரடியாகக் கொண்டுவர இயலாது. இலண்டன் வழியாகவே அனுப்ப வேண்டியிருந்தது. 1794 இல் கையெழுத்தான ஜே உடன்படிக்கை இத்தடையை நீக்கியது. 1796 இல் பேரேரிகள் பகுதியிலிருந்த கோட்டைகளைப் பிரித்தானியர் கைவிட்டனர். இவ்விரு மாற்றங்களையும் ஆஸ்டர் உடனடியாகப் பயன்படுத்திக்கொண்டார்.

சீன வணிகம்

கேப்டன் குக்கின் மூன்றாவது கடற்பயணத்தில் சென்றவர்கள் அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வாங்கிய கடல் நீர்நாய்த் தோல்களுக்குக் கான்டன் துறைமுகத்தில் வியக்கத்தக்க விலை கிடைத்தது. அச்செய்தி பரவியபின் பல நாட்டுக் கப்பல்கள் அவ்வழியே சென்றன. ஆஸ்டர் 1800 அளவில் இவ்வணிகத்தில் இறங்கினார். நியூயார்க்கிலிருந்து நீர்நாய், நரி முதலியவற்றின் தோல்களை அனுப்பித் தேயிலை, பட்டு, பீங்கான் ஆகியவற்றைக் கொண்டுவந்தார்.

1807 இல் குடியரசுத் தலைவர் ஜெபர்சனின் அரசு வெளிநாட்டுக் கப்பல் போக்குவரத்தைத் தடை செய்தது. 1808 இல் சீன உயர்குடியைச் சேர்ந்த ஒருவர் தம் குடும்பத்தாரின் இறுதிச் சடங்குக்காக நாடு திரும்ப வேண்டும் என்று கூறி ஒரு கப்பலுக்குத் தனி அனுமதி பெறப்பட்டது. அக்கப்பல் ஆஸ்டரின் பீவர். அச்சீனர் உயர்குடியினர் அல்லர் எனப் பிற வணிகர்கள் எழுப்பிய குரல் பயனளிக்கவில்லை. போட்டியாளர்களின் கப்பல்கள் துறைமுகத்தில் முடங்கிக் கிடக்க, பீவர் சென்று சரக்குடன் திரும்பியது. 1816 இல் துருக்கிய அபினியையும் இவர் கான்டனுக்கு அனுப்பினார். அபினியைச் சீனா தடை செய்திருந்ததால் அது கடத்தல் வணிகமே. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்.

ஆஸ்டோரியா

ஆஸ்டரின் மிகப் பெரிய திட்டமும் மிகப் பெரிய தோல்வியும் ஆஸ்டோரியா ஆகும். மிசூரி ஆற்றிலிருந்து பசிபிக் கரை வரை வணிக நிலையங்களை அமைத்து, கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் தோல்களைத் திரட்டி, அங்கிருந்தே கான்டனுக்கு அனுப்புவது திட்டம். இதற்காக 1810 இல் பசிபிக் மென்மயிர் நிறுவனத்தைத் தொடங்கினார். டோன்குயின் என்னும் கப்பல் அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது. தரைவழிக் குழு ஒன்று வில்சன் பிரைசு ஹண்ட் தலைமையில் சென்றது.

டோன்குயின் 1811 மார்ச்சில் கொலம்பியா முகத்துவாரத்தை அடைந்தது. வழி ஆழம் பார்க்கச் சிறு படகுகளில் அனுப்பப்பட்டவர்களுள் எட்டுப் பேர் அலையில் மாண்டனர். தென்கரையில் ஆஸ்டோரியாக் கோட்டை கட்டப்பட்டது. பசிபிக் கரையில் ஐக்கிய அமெரிக்கர் அமைத்த முதல் குடியேற்றம் இதுவே. பின்னர் அக்கப்பல் வடக்கே வான்கூவர் தீவின் கிளாயோக்வாட் நீரிணைக்குத் தோல் வாங்கச் சென்றது. கப்பல் தலைவர் ஜொனத்தன் தோர்ன் முன்னாள் கடற்படையினர், கடுமையானவர். விலையில் உடன்பாடு ஏற்படாதபோது முதற்குடித் தலைவர் ஒருவரின் முகத்தில் நீர்நாய்த் தோலைத் தேய்த்து அவமதித்தார். சில நாட்களில் அம்மக்கள் கப்பலைத் தாக்கித் தோர்னையும் பெரும்பாலான மாலுமிகளையும் கொன்றனர். மறுநாள் கப்பலின் வெடிமருந்து வெடித்து, கப்பலில் ஏறியிருந்த முதற்குடிகள் பலரும் இறந்தனர். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மட்டும் உயிர் தப்பினார்.

தரைவழிக் குழு பசியாலும் பனியாலும் வாடி 1812 பெப்ரவரியில் வந்து சேர்ந்தது. அவ்வாண்டே பிரித்தானியாவுடன் போர் மூண்டது. 1813 அக்டோபரில் கோட்டையும் அங்கிருந்த தோல்களும் மான்ட்ரியாலின் வடமேற்கு நிறுவனத்துக்குக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. கோட்டையைக் கைப்பற்ற அனுப்பப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பல் வந்தபோது விற்பனை முடிந்திருந்தது. அக்கப்பலின் பெயர் ரக்கூன். அதுவும் தோலுக்காக வேட்டையாடப்பட்ட ஒரு விலங்கின் பெயரே. பிற்காலத்தில் ஆஸ்டரின் வேண்டுகோளின்பேரில் எழுத்தாளர் வாசிங்டன் இர்விங் இவ்வரலாற்றை எழுதி 1836 இல் வெளியிட்டார்.

அமெரிக்க மென்மயிர் நிறுவனம்

மேற்குக் கரையில் இழந்ததை ஆஸ்டர் பேரேரிகள் பகுதியிலும் மிசூரி ஆற்றுப் பகுதியிலும் மீட்டார். 1816 ஆம் ஆண்டுச் சட்டம் முதற்குடிகளுடன் வணிகம் செய்யும் உரிமத்தை ஐக்கிய அமெரிக்கக் குடிகளுக்கு மட்டும் என வரையறுத்தது. அடுத்த ஆண்டில் கனடியக் கூட்டாளிகளின் பங்குகளை ஆஸ்டர் வாங்கினார். இசுக்கொட்லாந்தில் பிறந்த இராம்சே குரூக்சு, இராபர்ட் சுடுவர்ட் ஆகியோர் களப்பணியை நடத்தினர்.

இயூரோன் ஏரியிலுள்ள மாக்கினாக் தீவு நிறுவனத்தின் களத் தலைமையிடமாயிற்று. கோடையில் படகுகள் தோல் கட்டுகளுடன் அங்கு கூடும். தோல்கள் எண்ணி, அடித்து, தரம் பிரித்து, அழுத்தி, ஏறத்தாழ 90 முதல் 100 இறாத்தல் எடையுள்ள கட்டுகளாக மீண்டும் கட்டப்பட்டு நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டன. 1822 ஜூன் 6 அன்று இத்தீவிலிருந்த நிறுவனக் கடையில் தற்செயலாகத் துப்பாக்கி வெடித்து அலெக்சிசு செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞரின் வயிறு துளைபட்டது. அத்துளை மூடாமலே அவர் பிழைத்தார். மருத்துவர் வில்லியம் போமாண்ட் அதன் வழியே செரிமானத்தை ஆராய்ந்த வரலாறு மருத்துவ நூல்களில் இடம்பெற்றுள்ளது.

தோலைப் பதப்படுத்தியவர்கள்

மாக்கினாக் வந்து சேரும் முன்பே தோலின் மதிப்பில் பெரும்பகுதி உருவாகிவிடும். அவ்வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் முதற்குடிப் பெண்கள். ஆண்கள் பொறிவைத்துப் பிடித்த பீவரைப் பெண்கள் வயிற்றுப்புறம் கீறித் தோலை விரித்து எடுத்தனர். வில்லோ மரக் கொம்பை வளையமாக வளைத்து, தோலை அதன் உள்ளே நாற்புறமும் கயிற்றால் இழுத்துக் கட்டினர். ஒட்டியிருந்த சதையையும் கொழுப்பையும் எலும்பினாலோ இரும்பினாலோ ஆன சுரண்டியால் அகற்றினர். கொழுப்பு மிஞ்சினால் தோல் கெடும். அழுத்திச் சுரண்டினால் மயிர்வேர் அறுந்து மயிர் உதிரும். கஸ்தூரி எலி, மிங்க், நீர்நாய் போன்றவற்றின் தோலை வயிறு கீறாமல் காலுறை கழற்றுவது போல் உரித்து, உட்புறம் வெளியே வருமாறு பலகையில் மாட்டி உலர்த்தினர்.

காட்டெருமைத் தோலுக்கு வேலை இன்னும் மிகுதி. சுரண்டிய தோலில் விலங்கின் மூளையையும் கொழுப்பையும் கலந்து தேய்த்து ஊறவைத்து, பின்பு முறுக்கிய நரம்புக் கயிற்றின்மேல் முன்னும் பின்னும் இழுத்து மென்மையாக்க வேண்டும். ஒரு போர்வைத் தோலுக்குப் பல நாட்கள் பிடிக்கும். 1830களில் பீவர் குறைந்து காட்டெருமைத் தோலின் தேவை கூடியபோது இவ்வுழைப்பின் சுமை முழுவதும் சமவெளிப் பெண்கள் மீது விழுந்தது. நிறுவனம் தந்த கம்பளம், கெண்டி, மணி, துப்பாக்கி ஆகியவற்றின் விலையோ வாங்கிய விலையைப் போலப் பல மடங்காகக் குறிக்கப்பட்டிருந்தது.

முதற்குடிகளுக்கு நியாய விலையில் பண்டங்கள் தருவதற்காக அரசே 1790கள் முதல் வணிக நிலையங்களை நடத்திவந்தது. அங்கே சாராயம் விற்கப்படவில்லை. அந்நிலையங்களை மூடுவதற்கு ஆஸ்டரின் நிறுவனம் தொடர்ந்து முயன்றது. மேலவை உறுப்பினர் தாமசு ஆர்ட் பென்டன் இதனை மேலவையில் முன்னின்று நடத்தினார். 1822 இல் அவை மூடப்பட்டன. அதன்பின் நிறுவனத்தின் முகவர்கள் சாராயத்தையும் கடனையும் தாராளமாகக் கையாண்டனர். 1832 ஆம் ஆண்டுச் சட்டம் முதற்குடிகளின் நிலப்பகுதிக்குச் சாராயம் கொண்டுசெல்வதை அறவே தடுத்தபோது, யூனியன் கோட்டையிலிருந்த முகவர் கென்னத் மெக்கென்சி சாராயத்தைக் கொண்டுசெல்லாமல் அங்கேயே வடிக்க வடிகலம் ஒன்றை நிறுவினார். செய்தி வெளிவந்து நிறுவனம் பெரும் சங்கடத்துக்கு உள்ளாயிற்று. முதற்குடிகள் நிலத்தை விட்டுக்கொடுத்த ஒப்பந்தங்களில், கிடைத்த தொகையின் ஒரு பங்கு வணிகர்களின் பழைய கடனுக்கென எடுத்துக்கொள்ளப்படும் வழக்கமும் அக்காலத்தில் பரவியது. ஆஸ்டர் சாராயத்தைத் தாம் விரும்பவில்லை என்றும், போட்டியாளர்கள் தருவதால் தவிர்க்க இயலவில்லை என்றும் கூறிவந்தார். எனினும் நிறுத்தும் வலிமை அவர் ஒருவருக்கே இருந்தது, அவர் நிறுத்தவில்லை.

வணிகத்திலிருந்து விலகல்

1830களின் தொடக்கத்தில் ஆஸ்டர் ஐரோப்பாவில் தங்கியிருந்தார். அங்கு பீவர் ஃபெல்ட் தொப்பிகளுக்குப் பதிலாகப் பட்டுத் தொப்பிகள் பரவுவதைக் கண்டு, பீவர் தோலின் விலை வீழும் என உணர்ந்தார். பல ஆறுகளில் பீவரே அரிதாகிவிட்டதும் அவர் அறிந்ததே. 1834 இல் நிறுவனத்தின் வடபகுதியை இராம்சே குரூக்சு தலைமையிலான குழுவுக்கும், மேற்குப் பகுதியைச் செயின்ட் லூயிசின் பிராட், சூட்டோ நிறுவனத்துக்கும் விற்று விலகினார். அமெரிக்க மென்மயிர் நிறுவனம் என்ற பெயருடன் தொடர்ந்த குரூக்சின் நிறுவனம் 1842 இல் நொடித்தது. பட்டுத் தொப்பி வந்திராவிட்டால் பீவர் இனம் அக்கண்டத்தில் எஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

நிலவுடைமையும் இறுதிக் காலமும்

தோல் வணிகத்திலும் சீன வணிகத்திலும் கிடைத்த பணத்தை ஆஸ்டர் மன்ஹாட்டன் நிலங்களில் முதலிட்டார். நகரின் எல்லைக்கு அப்பாலுள்ள வயல்களை வாங்கி, பெரும்பாலும் விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டார். நகரம் வடக்கே வளர வளர அவற்றின் மதிப்பு உயர்ந்தது. 1836 இல் பிராட்வேயில் ஆஸ்டர் ஹவுஸ் என்னும் விடுதியைத் திறந்தார். 1848 மார்ச் 29 அன்று நியூயார்க்கில் காலமானார். சொத்தின் பெரும்பகுதி மகன் வில்லியம் பேக்கவுஸ் ஆஸ்டருக்குச் சென்றது.

பொது நூலகம் ஒன்றுக்கு 400,000 டாலரும், பிறந்த ஊரான வால்டோர்ஃபின் ஏழைகளுக்கும் சிறுவர்களுக்குமான இல்லத்துக்கு 50,000 டாலரும் உயிலில் ஒதுக்கப்பட்டிருந்தன. இரண்டும் 1854 இல் திறக்கப்பட்டன. ஆஸ்டர் நூலகம் 1895 இல் நியூயார்க் பொது நூலகத்தின் ஒரு பகுதியாயிற்று. தோலைச் சுரண்டி உலர்த்தித் தந்த மக்களுக்கு உயிலில் எதுவும் இல்லை.

ஆஸ்டரின் கொள்ளுப்பேரரான நான்காம் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் 1912 இல் டைட்டானிக் கப்பலில் இறந்தார். வால்டோர்ஃப் ஆஸ்டோரியா விடுதியின் பெயர் இவரது ஊரையும் குடும்பத்தையும் குறிப்பது. கொலம்பியா முகத்துவாரத்தில் கோட்டை இருந்த இடத்தில் ஒரிகன் மாநிலத்தின் ஆஸ்டோரியா நகரம் உள்ளது. நியூயார்க்கில் 1904 இல் திறக்கப்பட்ட ஆஸ்டர் பிளேஸ் சுரங்கத் தொடருந்து நிலையத்தின் சுவர்களில் மரத்தைக் கொறிக்கும் பீவர் உருவம் பதித்த பீங்கான் வில்லைகள் காணப்படுகின்றன.